பல்கலைக்கழக வைஃபையில் மடிக்கணினியை இணைப்பது எப்படி? பினாங்கு, கோலாலம்பூர் புது மாணவர்களுக்கு

குளுகோரில் இருக்கும் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மிண்டன் வளாகமானாலும் சரி, லெம்பா பந்தாயில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகமானாலும் சரி, வைஃபை பட்டியலைத் திறந்தால் 'எடுரோம்' என்ற பெயர் கண்ணில் படும். அதைத் தட்டினால் வீட்டு வைஃபை போலக் கடவுச்சொல்லோடு விடாது. பயனர் பெயர் கேட்கும். சில கருவிகளில் இன்னும் ஏழெட்டுக் கட்டங்களை நிரப்பச் சொல்லும். அந்த நேரம் பார்த்து விடுதி சீனியர் ஒருவர் வந்து, "அந்த சர்டிஃபிகேட் இடத்துல 'டூ நாட் வேலிடேட்' போடு தம்பி, கனெக்ட் ஆயிரும்" என்பார். ஆகத்தான் செய்யும். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். இணைப்பு கிடைப்பது பெரிய வேலையே இல்லை. சரியான சர்வரிடம்தான் கடவுச்சொல்லைக் கொடுக்கிறோமா என்று மடிக்கணினியைச் சரிபார்க்க வைப்பதுதான் வேலை. இந்த ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டால் படிப்பு முடியும்வரை பெரிய தொல்லை இருக்காது.

உள்ளே என்ன நடக்கிறது

வீட்டு வைஃபையில் எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல். வளாக வைஃபையில் ஆளுக்கொன்று. இதற்குப் பெயர் டபிள்யூபிஏ2 எண்டர்பிரைஸ். புதிய நிலையங்களில் டபிள்யூபிஏ3 எண்டர்பிரைஸ். கூரையில் தொங்கும் வெள்ளைப் பெட்டி உங்கள் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதில்லை. அது உங்கள் வேண்டுகோளை ரேடியஸ் என்னும் சர்வருக்குத் தள்ளிவிடும். ரேடியஸ் 'சரி' என்றால்தான் பெட்டி கதவைத் திறக்கும்.

எடுரோம் ஐரோப்பாவின் ஆய்வுக் கல்வி நிலையங்களில் 2003 வாக்கில் தொடங்கிய ஏற்பாடு. மலேசியாவில் இதைக் கவனிப்பது மைரென் என்னும் தேசிய ஆய்வுக் கல்வி வலையமைப்பு. எந்த உறுப்பு நிலையத்துக்குப் போனாலும் உங்கள் சொந்தப் பல்கலைக்கழகக் கணக்கிலேயே உள்ளே நுழையலாம். பயனர் பெயரில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதியைப் பார்த்துத்தான் உங்கள் வேண்டுகோள் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும் என்று முடிவாகிறது. கடித உறையின் மேல் எழுதும் ஊர்ப்பெயர் மாதிரி. உறைக்குள் இருக்கும் கடவுச்சொல்லை நடுவில் உள்ள யாரும் பார்க்க முடியாது.

பார்க்க முடியாது என்று சொன்னது ஒரு நிபந்தனையோடு. உங்கள் மடிக்கணினிக்கும் ரேடியஸுக்கும் இடையில் முதலில் மறைகுறியாக்கிய சுரங்கம் ஒன்று உருவாகும். அதற்குள்தான் கடவுச்சொல் பற்றிய பேச்சு. சுரங்கத்தின் மறுமுனையில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்பதற்கு ஒரே சாட்சி அது நீட்டும் டிஜிட்டல் சான்றிதழ். சான்றிதழைப் பார்க்காதே என்று நீங்களே சொல்லிவிட்டால், எவனோ ஒருவன் உணவகத்து மேசையில் சின்ன ரவுட்டரை வைத்து அதற்கும் 'எடுரோம்' என்றே பெயர் போட்டாலும் உங்கள் கருவி ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான இடங்களில் சுரங்கத்துக்குள் நடப்பது எம்எஸ்சாப் வி2 என்னும் பழைய பேச்சுமுறை. அதை எப்படி உடைப்பது என்று 2012இல் லாஸ் வேகஸ் டெஃப்கான் மாநாட்டிலேயே செய்து காட்டிவிட்டார்கள். அதே கடவுச்சொல்தான் உங்கள் மின்னஞ்சலுக்கும், பாடப் பதிவுக்கும், சில இடங்களில் கட்டண விவரங்களுக்கும் சாவி. சர்டிஃபிகேட் விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பாகப் பேசுவதற்குக் காரணம் அதுதான்.

கையில் இருக்க வேண்டிய ஆறு விவரங்கள்

மடிக்கணினியைத் தொடுவதற்கு முன் பல்கலைக்கழகக் கணினி மையத்தின் இணையப் பக்கத்திலிருந்து இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் மலாயில் இருந்தால் 'நாமா பெங்குனா' என்பது பயனர் பெயர், 'காத்தா லாலுவான்' என்பது கடவுச்சொல்.

1. நெட்வொர்க்கின் பெயர். எடுரோம் என்றால் ஏழும் சிறிய ஆங்கில எழுத்து. முதல் எழுத்தைப் பெரிதாக அடித்தால் அது வேறு நெட்வொர்க்.
2. பயனர் பெயரின் வடிவம். மேட்ரிக் எண்ணா, மின்னஞ்சல் பெயரா, @ குறிக்குப் பின் என்ன வரும் என்பது. மாணவர் முகவரியும் ஊழியர் முகவரியும் வேறுபடலாம்.
3. இஏபி முறை, அதாவது சர்வரிடம் உங்களை அடையாளம் காட்டும் முறை. பெரும்பாலும் பிஇஏபி, சில இடங்களில் டிடிஎல்எஸ்.
4. உள் சரிபார்ப்பு முறை. பிஇஏபி என்றால் அநேகமாக எம்எஸ்சாப் வி2.
5. சான்றிதழை வழங்கிய மூல நிறுவனத்தின் பெயர்.
6. ரேடியஸ் சர்வரின் பெயர்.

கடைசி இரண்டைத்தான் யாரும் கேட்பதில்லை, அவைதான் முக்கியம். பக்கத்தில் போடவில்லை என்றால் உதவி மேசைக்கு எழுதிக் கேளுங்கள். அது ரகசியமும் இல்லை, தொந்தரவும் இல்லை.

இன்னொன்று. கணக்கு திறந்ததும் கொடுக்கும் தற்காலிகக் கடவுச்சொல்லை முதலில் இணையப் பக்கத்தில் மாற்ற வேண்டியிருக்கும். மாற்றாமல் வைஃபையில் அடித்தால் எத்தனை முறை அடித்தாலும் மறுக்கும். அதனால் கைப்பேசி டேட்டாவில் பல்கலைக்கழகப் பக்கத்துக்குள் ஒருமுறை நுழைந்து, கணக்கு வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

நிறுவி (இன்ஸ்டாலர்) கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்

எடுரோம் அமைப்பு 'கேட்' என்ற கருவியை நடத்துகிறது. அதன் பக்கத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் விண்டோஸ், மேக், லினக்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறுவி கிடைக்கும். 'கெட்எடுரோம்' என்ற செயலியும் அதே வேலையைச் செய்யும். இரண்டும் சான்றிதழையும் சர்வர் பெயரையும் தாமே பொருத்திவிடும். நீங்கள் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் தந்தால் போதும். கைமுறையாகச் செய்வதைவிட இதுவே மேல்.

நிறுவியை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு நிறுவி வேண்டும். கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் மடிக்கணினியில் செருகி 'யுஎஸ்பி டெதரிங்' போட்டால் இந்தச் சிக்கல் தீரும். ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால் விண்டோஸில் தனி டிரைவர் எதுவும் தேவைப்படாது. கோப்பு சிறியது, டேட்டா அதிகம் கரையாது.

கடையில் வாங்கிய புது மடிக்கணினி சில 'எஸ் மோட்' விண்டோஸோடு வரும். அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியே இறக்கிய எந்த நிறுவியும் ஓடாது. அப்போது கைமுறைதான். எஸ் மோடை விட்டு வெளியேறலாம், ஆனால் திரும்ப அதற்குள் போக முடியாது. வைஃபைக்காக மட்டும் அதைச் செய்யத் தேவையில்லை.

விண்டோஸ் 10, 11: கைமுறை

பட்டியலில் பெயரைத் தட்டிப் பெயர், கடவுச்சொல் கொடுத்தால் விண்டோஸ் 'கன்டினியூ கனெக்டிங்?' என்று கேட்கும். அங்கே 'ஷோ சர்டிஃபிகேட் டீட்டெய்ல்ஸ்' என்பதைத் தட்டினால் தெரிவது நீளமான எண்ணெழுத்து வரிசை, அதாவது சான்றிதழின் கைரேகை. கணினி மையம் அதை வெளியிட்டிருந்தால் ஒப்பிட்டுப் பார்த்து 'கனெக்ட்' கொடுக்கலாம். ஒப்பிட எதுவும் இல்லை என்றால் அந்தத் தட்டல் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவதுதான். கீழே இருப்பது நீளமான வழி. ஐந்து நிமிடம் ஆகும்.

1. ஏற்கெனவே முயன்று பார்த்திருந்தால் பழையதை அழியுங்கள்: செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ், எடுரோமுக்கு எதிரே 'ஃபர்கெட்'. இதைச் செய்யாவிட்டால் அதே பெயரில் நெட்வொர்க் ஏற்கெனவே இருக்கிறது என்று அடுத்த படியில் முரண்டு பிடிக்கும்.

2. கன்ட்ரோல் பேனலில் 'நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர்' திறந்து 'செட் அப் எ நியூ கனெக்‌ஷன்' தட்டி, 'மேனுவலி கனெக்ட் டு எ வயர்லெஸ் நெட்வொர்க்' தேர்ந்தெடுங்கள். பெயரை அடித்து, செக்யூரிட்டி டைப்பில் 'டபிள்யூபிஏ2 எண்டர்பிரைஸ்' வையுங்கள். குறியாக்கம் ஏஇஎஸ். 'செக்யூரிட்டி கீ' கட்டத்தை அப்படியே விடுங்கள்.

3. 'நெக்ஸ்ட்' கொடுத்ததும் சேர்த்தாயிற்று என்று வரும். மூடிவிடாதீர்கள். 'சேஞ்ச் கனெக்‌ஷன் செட்டிங்ஸ்' தட்டி 'செக்யூரிட்டி' பக்கத்துக்குப் போங்கள். அங்கே 'புரொடெக்டட் இஏபி' இருக்கும். பக்கத்தில் உள்ள 'செட்டிங்ஸ்' பொத்தானை அழுத்துங்கள்.

4. 'வெரிஃபை தி சர்வர்ஸ் ஐடென்டிட்டி' என்பதில் டிக் இருக்க வேண்டும். அதன் கீழ் 'கனெக்ட் டு தீஸ் சர்வர்ஸ்' கட்டத்தில் ரேடியஸ் சர்வரின் பெயரை இடுங்கள். அதற்கும் கீழே உள்ள பட்டியலில் மூலச் சான்றிதழ் நிறுவனத்தின் பெயருக்கு மட்டும் டிக். பட்டியலில் அந்தப் பெயரே இல்லை என்றால் அநேகமாகப் பல்கலைக்கழகம் சொந்தச் சான்றிதழ் வைத்திருக்கிறது என்று பொருள். கோப்பைப் பல்கலைக்கழகப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்கி, 'டிரஸ்டட் ரூட் சர்டிஃபிகேஷன் அத்தாரிட்டீஸ்' அறையில் நிறுவிவிட்டுத் திரும்பி வாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் யாராவது அனுப்பிய சான்றிதழ்க் கோப்பை நிறுவக் கூடாது. மூலச் சான்றிதழை நம்பினால் அது கையெழுத்திடும் எல்லா இணையத்தளத்தையும் நம்பியதாகிவிடும்.

5. அதே சன்னலில் 'எம்எஸ்சாப் வி2' பக்கத்தில் இருக்கும் 'கான்ஃபிகர்' தட்டி, விண்டோஸ் உள்நுழைவுப் பெயரையே தானாகப் பயன்படுத்து என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பலரை மாட்டிவிடுவது இந்த ஒரு டிக்தான். அது இருந்தால் உங்கள் கணினியின் சொந்தப் பெயரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும். அங்கே அப்படி ஓர் ஆளே கிடையாது.

6. வெளியே வந்து 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' தட்டி, 'ஸ்பெசிஃபை ஆதென்டிகேஷன் மோட்' என்பதில் டிக் வைத்து 'யூசர் ஆதென்டிகேஷன்' தேர்ந்தெடுங்கள். 'சேவ் கிரெடென்ஷியல்ஸ்' தட்டி முழுப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் 'ஓகே' கொடுத்து வெளியே வந்து நெட்வொர்க்கைத் தட்டினால் சில விநாடிகளில் இணைந்துவிடும்.

மேக்

ஆப்பிளில் கட்டங்கள் குறைவு. பெயரைத் தட்டி, முறையை 'ஆட்டோமேட்டிக்' என்றே விட்டு, பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். உடனே சான்றிதழ்ச் சன்னல் வரும். அவசரப்பட்டு 'கன்டினியூ' தட்டாமல் 'ஷோ சர்டிஃபிகேட்' திறந்து சர்வர் பெயரும் வழங்கிய நிறுவனமும் உங்கள் குறிப்போடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தினால் தொடருங்கள். அடுத்து ஒரு கடவுச்சொல் கேட்கும். அது மேக்கைத் திறக்கும் கடவுச்சொல். பலர் அங்கேயும் பல்கலைக்கழகக் கடவுச்சொல்லை அடித்து அடித்துச் சலித்துப் போவார்கள்.

கேட் தரும் புரொஃபைலை இறக்கினால் அது தானாக ஏறாது. மேக்ஓஎஸ் 15இல் சிஸ்டம் செட்டிங்ஸில் 'ஜெனரல்', அதற்குள் 'டிவைஸ் மேனேஜ்மென்ட்'; 13, 14இல் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தின் அடியில் 'புரொஃபைல்ஸ்'. அங்கே போய் இரட்டைத் தட்டல் தட்டி நிறுவ வேண்டும்.

லினக்ஸ்

உபுண்டு போன்றவற்றில் நெட்வொர்க்மேனேஜர் எல்லாக் கட்டங்களையும் ஒரே சன்னலில் காட்டும். டபிள்யூபிஏ2 எண்டர்பிரைஸ், பிஇஏபி, 'அநானிமஸ் ஐடென்டிட்டி'யில் @ குறியோடு பல்கலைக்கழகப் பகுதி, 'டொமைன்' கட்டத்தில் சர்வர் பெயர், மூலச் சான்றிதழ்க் கோப்பு, உள்முறை எம்எஸ்சாப் வி2. 'நோ சிஏ சர்டிஃபிகேட் இஸ் ரிக்வயர்ட்' என்ற டிக்தான் இங்கே சீனியரின் குறுக்குவழி, தொடாதீர்கள். கேட் தரும் பைத்தான் நிரல் இதையெல்லாம் தானே நிரப்பும், ரூட் அனுமதியும் கேட்காது.

உபுண்டு 22.04 முதல் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 என்னும் மறைகுறியாக்க மென்பொருள் வந்துவிட்டது. பழைய ரேடியஸ் சர்வரின் காலாவதியான டிஎல்எஸ் பழக்கங்களை அது ஏற்காது. விண்டோஸ் நண்பருக்கு இணைகிறது, உங்களுக்கு மட்டும் இல்லை என்றால் பதிவுக் கோப்பில் 'லெகசி ரீநெகோஷியேஷன்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்த வரியை அப்படியே கணினி மையத்துக்கு அனுப்புங்கள். பழுது அவர்கள் பக்கம். உங்கள் கணினியின் பாதுகாப்பை மொத்தமாகத் தளர்த்தி அதற்கு வழி செய்யாதீர்கள்.

கைப்பேசி, சுருக்கமாக

ஆண்ட்ராய்டு 11க்குப் பிறகு வந்த புதுப்பிப்புகளில் 'டூ நாட் வேலிடேட்' தேர்வைக் கூகுள் எடுக்கத் தொடங்கிவிட்டது. சீனியர் சொன்னதைப் புதுக் கைப்பேசியில் தேடினால் கிடைக்காமல் போவது அதனால்தான். பொதுச் சான்றிதழ் என்றால் 'யூஸ் சிஸ்டம் சர்டிஃபிகேட்ஸ்' வைத்து 'டொமைன்' கட்டத்தை நிரப்புங்கள். ஆண்ட்ராய்டு 13இல் வந்த 'டிரஸ்ட் ஆன் ஃபர்ஸ்ட் யூஸ்' முதல்முறை காணும் சான்றிதழை நினைவில் வைத்துக்கொள்ளும். அந்த முதல்முறையை வளாகத்துக்குள், கணினி மையத்துக்கு அருகில் வைத்துச் செய்யுங்கள். ஷாப்பிங் மாலில் வேண்டாம். கைப்பேசி விசைப்பலகை பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும், தானாக நிரப்பும்போது கடைசியில் ஓர் இடைவெளியையும் ஒட்டிவிடும். அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, சர்வருக்குத் தெரியும்.

இணையவில்லை என்றால்

கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு கணக்கே பூட்டிக்கொள்ளும்படி பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். முதலில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

*பெயரும் கடவுச்சொல்லும் திரும்பத் திரும்பக் கேட்கிறது.* ரேடியஸ் மறுக்கிறது, அல்லது உங்கள் கணினி சான்றிதழை மறுக்கிறது. @ பகுதி விட்டுப்போயிற்றா, கடவுச்சொல் காலாவதியா, அந்த விண்டோஸ் டிக் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்துக் கடிகாரம். சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினியின் தேதி தவறினால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். அண்ணனிடமிருந்து கைமாறி வந்த பழைய மடிக்கணினியில் தேதி சில வருடம் பின்னே போய் நிற்கும்; மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். சிஆர்2032 என்று கேட்டால் கிடைக்கும், ஆனால் சில மாடல்களில் கம்பி வைத்த வகை வரும், திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு: லினக்ஸ் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கும், மலேசியாவில் சரியாக 8 மணி நேரம் பின்தங்கும். சர்வர் சான்றிதழைப் புதுப்பித்த அன்றைக்கு மட்டும் இது காலை வாரும்.

*இணைந்துவிட்டது, ஆனால் இணையம் இல்லை. ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது.* உள்ளே விட்டுவிட்டார்கள், முகவரிதான் கிடைக்கவில்லை. வைஃபையை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். ஐபி முகவரி 'மேனுவல்' என்று இருந்தால் 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். பருவம் தொடங்கும் வாரத்தில் பெரிய மண்டபங்களில் முகவரிகளே தீர்ந்துபோவதும் உண்டு. அப்போது வேறு கட்டடத்துக்குப் போய்ப் பாருங்கள்.

*ஐபி சரி, பக்கம் மட்டும் திறக்கவில்லை.* டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது), விபிஎன், பிராக்ஸி, இந்த மூன்றில் ஒன்று. நம் ஊரில் வீட்டு இணையத்துக்காக டிஎன்எஸ்ஸை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றி வைத்து மறந்திருப்பவர்கள் நிறையப் பேர். வளாகத் தீச்சுவர் வெளி டிஎன்எஸ்ஸைத் தடுத்தால் எதுவும் திறக்காது. விண்டோஸ் 11இல் வைஃபை பக்கத்தில் 'ஹார்டுவேர் புராபர்ட்டீஸ்', அங்கே 'டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்' எதிரே 'எடிட்', 'ஆட்டோமேட்டிக்'. ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்'. பயிற்சிக்குப் போன அலுவலகம் போட்டுவிட்ட பிராக்ஸி இன்னும் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

*ஆளுக்கு இத்தனை கருவி என்று வரம்பு வைத்திருக்கும் வளாகத்தில் திடீரென்று மறுக்கிறது.* கருவி தன் மேக் முகவரியை (வைஃபை அட்டையின் அடையாள எண், ஆப்பிள் மேக் அல்ல) மாற்றி மாற்றிக் காட்டுகிறது. ஐபோனிலும் மேக்ஓஎஸ் 15இலும் 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' என்பதை அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் 'ஃபிக்ஸ்டு' அல்லது 'ஆஃப்' ஆக்குங்கள். ஆண்ட்ராய்டில் 'யூஸ் டிவைஸ் மேக்'.

கடவுச்சொல் மாற்றும் நாள்

சில இடங்களில் கணினி மையம் அவ்வப்போது கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும். நீங்கள் இணையப் பக்கத்தில் மாற்றிவிட்டு வகுப்புக்குப் போவீர்கள்; பையில் இருக்கும் கைப்பேசியும் டேப்லெட்டும் பழைய கடவுச்சொல்லோடு வழியில் உள்ள ஒவ்வொரு பெட்டியிலும் மோதிக்கொண்டே வரும். விரிவுரை மண்டபத்தில் உட்காருவதற்குள் கணக்கு பூட்டிவிடும், மின்னஞ்சலும் திறக்காது. அதனால் வரிசையை மாற்றுங்கள்: முதலில் எல்லாக் கருவிகளிலும் எடுரோமை 'ஃபர்கெட்' செய்யுங்கள், பிறகு கைப்பேசி டேட்டாவில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். கேட் புரொஃபைல் என்றால் நிறுவியை மறுபடி ஓட்டினாலே போதும்.

விடுதி அறையில் சிக்னல்

டேசாசிஸ்வா (யுஎஸ்எம் மாணவர் விடுதி) அறைகளில் வைஃபை பெட்டி பெரும்பாலும் நடைபாதையில் இருக்கும், நீங்கள் கான்கிரீட் சுவருக்கும் இரும்பு அலமாரிக்கும் பின்னால் இருப்பீர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 தாண்டும், ஆனால் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான் (1, 6, 11), அதிலேயே புளூடூத்தும் மைக்ரோவேவும் குடியிருக்கின்றன. மேக்கில் 'ஆப்ஷன்' விசையை அழுத்திக்கொண்டு வைஃபை படத்தைத் தட்டினால் 'ஆர்எஸ்எஸ்ஐ', அதாவது சிக்னலின் வலிமை தெரியும். மைனஸ் 67க்கு மேல் இருந்தால் காணொளி வகுப்பு தடங்கலின்றி ஓடும். மைனஸ் 75க்குக் கீழே போனால் மேசையை நகர்த்துவதுதான் வைத்தியம்.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் திறந்து வைஃபை அட்டையின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'பிரிஃபர்டு பேண்ட்' என்பதை 5 கிகாஹெர்ட்ஸ் ஆக்கலாம். 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கம் இருந்தால் மின்சேமிப்புக்காக அட்டையை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துண்டிக்கும் நோய் பல கணினிகளில் இதோடு போய்விடும்.

பழைய அட்டை 2.4 மட்டுமே அறியும் என்றால் கோலாலம்பூரின் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவிலோ இணையக் கடையிலோ யுஎஸ்பி அடாப்டர் வாங்குங்கள். பெட்டியில் 'என்150', 'என்300' என்று போட்டிருப்பதை விட்டுவிடுங்கள். அவை பெரும்பாலும் 2.4 மட்டுமே. 'டூயல் பேண்ட்', 'ஏசி600' அல்லது அதற்கு மேல் என்று கேளுங்கள். யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் பக்கத்துத் துளையில் இருந்தால் அதன் இரைச்சல் 2.4 அலைவரிசையில் ஏறும். அடாப்டரை ஒரு சிறு நீட்டிப்புக் கம்பியில் தள்ளி வையுங்கள்.

சொந்த ரவுட்டர் கொண்டுவந்து செருகாதீர்கள். விதிமீறல் என்பது ஒருபுறம். அது பக்கத்து அறைகளின் சேனலையே தின்றுவிடும். பிரின்டர், ஸ்மார்ட் டிவி, கேம் கன்சோல் போன்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எண்டர்பிரைஸ் முறையே தெரியாது, எடுரோமில் சேர்க்கப் போராட வேண்டாம். பிரின்டரை யுஎஸ்பி கம்பியில் ஓட்டுங்கள்.

வேறு வளாகத்துக்குப் போகும்போது

மிண்டனிலிருந்து நிபோங் திபால் பொறியியல் வளாகத்துக்குப் போனால் எதையும் மாற்ற வேண்டாம். மலாயாப் பல்கலைக்கழகத்துக்குக் கருத்தரங்குக்குப் போனாலும் அதே கணக்குதான். ஆனால் ஒரு பொறி உண்டு. சொந்த வளாகத்தில் @ பகுதி இல்லாமலே உள்ளே விடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படியே பழகியவர் வெளியூர் போனதும் அங்குள்ள சர்வர் அந்தப் பெயரைத் தன் பட்டியலில் தேடி, இல்லை என்று மறுத்துவிடும். சுங்கை நிபோங்கில் பேருந்து ஏறுவதற்கு முன்பே எடுரோமை அழித்து, முழுப் பெயரோடு ஒருமுறை இணைத்துப் பாருங்கள். வெளியூரில் சிக்கல் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது உங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்திடம். உங்கள் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது அவர்கள் சர்வர். அங்கே இருக்கும்போது நூலகத் தரவுத்தளங்கள் அந்த வளாகத்தின் ஐபி முகவரியைத்தான் பார்க்கும், உங்கள் நூலகச் சந்தாவுக்கு விபிஎன்னோ நூலக உள்நுழைவோ வேண்டியிருக்கும்.

உதவி மேசைக்கு எழுதும்போது

'வைஃபை கிடைக்கவில்லை' என்று மட்டும் எழுதினால் 'அணைத்துப் போட்டுப் பாருங்கள்' என்றுதான் பதில் வரும். யுஎஸ்எம்மில் இந்த வேலை பிபிகேடி என்னும் மையத்துடையது, எந்தப் பல்கலைக்கழகமானாலும் எழுத வேண்டியது இதுதான்: கட்டடம், மாடி, அறை எண், முயன்ற நேரம் நிமிடம் வரை, கருவியின் மேக் முகவரி, இயங்குதளமும் பதிப்பும், பிழைச் செய்தியின் படம், அதே இடத்தில் இன்னொருவருக்கு வேலை செய்கிறதா என்பது. நேரமும் மேக் முகவரியும் இருந்தால் ரேடியஸ் பதிவேட்டில் உங்கள் வரியைத் தேடி எடுத்து, மறுத்த காரணத்தை அவர்கள் நேரடியாகப் படிக்க முடியும். மேக் முகவரி விண்டோஸில் அதே 'ஹார்டுவேர் புராபர்ட்டீஸ்' பக்கத்தின் அடியில், 'பிசிக்கல் அட்ரஸ்' என்ற பெயரில், இரண்டிரண்டாக ஆறு ஜோடி எண்ணெழுத்துகளாக இருக்கும். பயனர் பெயரைக் கொடுங்கள். கடவுச்சொல்லை எழுதாதீர்கள், படத்திலும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.